கோன்யாவில் ஒரு சனிக்கிழமை: துருக்கியைப் பேருந்தில் சுற்றிவர முழுமையான வழிகாட்டி

துருக்கி போகத் திட்டம் போடுபவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பட்டியலோடு தொடங்குகிறார்கள். நான் முதலில் காலண்டரை எடுக்கச் சொல்வேன். அந்த நாட்டில் பார்க்க வேண்டியவற்றில் பாதிக்குக் கிழமை இருக்கிறது. கோன்யாவில் தர்வேஷ்கள் எனப்படும் சூஃபி அடியார்கள் சுழலும் செமா நிகழ்ச்சி வாராவாரம் சனிக்கிழமை மாலை. இஸ்தான்புலின் தோப்காபி அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை. வெள்ளி மதியம் வரை பெரிய பள்ளிவாசல்களுக்குள் சுற்றுலாப் பயணிகளுக்கு இடமில்லை. கப்படோக்கியாவில் பலூன் பறப்பதைக் காற்றுதான் முடிவு செய்யும்.

முதல் தடவை இது எதுவும் எனக்குத் தெரியாது. ஞாயிறன்று கோன்யாவில் போய் இறங்கினேன். "நேற்றுத்தானே நடந்தது" என்று விடுதிக்காரர் சிரித்தார். அதற்கு முன்பே கப்படோக்கியாவின் கோரெமே என்ற ஊரில் ஒரே ஒரு காலையை ஒதுக்கிவிட்டு, காற்று அதிகம் என்று பலூனையும் கோட்டை விட்டிருந்தேன். கீழே வரும் வழி அந்த இரண்டு அடிக்குப் பிறகு போட்டது. கோன்யாவின் சனிக்கிழமையை நடுவில் ஆணியாக அடித்துவிட்டு, அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணியிருக்கிறேன்.

வியாழனன்று இஸ்தான்புலில் இறங்கி, அடுத்தடுத்த வாரங்களில் 19ஆம் நாளான திங்களன்று திரும்பும் கணக்கு இது. அவ்வளவு விடுப்பு கிடைக்காதவர்கள் 15ஆம் நாள் இஸ்மீரிலிருந்தே விமானம் ஏறிவிடலாம்.

புறப்படும் முன்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா கட்டாயம். அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் நாடுகள், இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால் மின்விசா எடுக்கலாம். அந்தத் துணை விசாவும் மின்விசாவாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். மற்றவர்கள் விசா மையம் வழியாக ஒட்டு விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் துருக்கி அரசின் மின்விசா தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதே பெயரில் அதிகக் கட்டணம் வாங்கும் போலித் தளங்களும் உண்டு, கவனம்.

ஏப்ரல், மே, அப்புறம் செப்டம்பர், அக்டோபர். இந்த நான்கு மாதங்கள்தான் நல்லவை. ஜூலை வெயிலில் எபேசு என்ற பண்டைய நகரின் பளிங்குத் தெருவில் நடப்பது தண்டனை. ஜனவரியில் அனதோலியப் பீடபூமி பனியில் கிடக்கும். ரமலான் முடிந்து வரும் பெருநாளிலும் பக்ரீத்திலும் ஊருக்குப் போகும் கூட்டத்தில் பேருந்து டிக்கெட் கிடைக்காது. நம் ஊர்த் தீபாவளிக் கூட்டம் மாதிரிதான்.

துருக்கி நாணயமான லிராவின் மதிப்பு சரிந்துகொண்டே போவதால், ஒரு வருடம் முந்தைய விலைப் பட்டியல் எதையும் நம்பாதீர்கள். வெளிநாட்டினருக்கான பெரிய அருங்காட்சியகக் கட்டணங்களை இப்போது யூரோவில்தான் சொல்கிறார்கள். உணவைவிட நுழைவுச்சீட்டுக்கே அதிகம் செலவாகும். அருங்காட்சியகங்கள் நிறையப் பார்ப்பவர்கள் அரசின் மியூசியம் பாஸுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிவாசல்களுக்குப் பெரும்பாலும் கட்டணமே இல்லை.

பேருந்து என்னும் பாதி நாடு

இஸ்தான்புலிலிருந்து கப்படோக்கியாவுக்குப் பறந்து, அங்கிருந்து இஸ்மீருக்குப் பறந்து முடித்துக்கொள்பவர்கள் உண்டு. தப்பில்லை. ஆனால் சமவெளி மெல்ல மேடாகி, கோதுமை வயல் முடிந்து எரிமலைச் சாம்பல் நிறத்தில் மண் மாறுவதை அவர்கள் பார்ப்பதில்லை.

பேருந்து நிலையத்துக்கு ஓட்டோகார் என்று பெயர். பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கும். நகருக்குள் கொண்டுவிட நிறுவனங்களே செர்விஸ் என்ற சிறு வேன் விடுவதுண்டு. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேருந்தில் ஒருபக்கம் இரண்டு இருக்கை, மறுபக்கம் ஒன்று. முன்பதிவில் ஆணா பெண்ணா என்று கேட்பார்கள். அறிமுகமில்லாத ஆணையும் பெண்ணையும் அருகருகே உட்காரவைக்கும் வழக்கம் இல்லை. தனியாகப் போகும் பெண்களுக்கு இது பெரிய நிம்மதி.

வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் முஆவின் எனப்படும் உதவியாளர் தள்ளுவண்டியில் டீயும் கேக்கும் கொண்டுவருவார். சில வண்டிகளில் அதற்கு முன் ஒரு பாட்டிலோடு வந்து நிற்பார். இரண்டு கையையும் குவித்து நீட்டினால் எலுமிச்சை மணக்கும் கொலோன்யாவை ஊற்றுவார். கையில் தேய்த்து, முகத்திலும் பின்கழுத்திலும் தடவிக்கொள்ள வேண்டும். முதல் தடவை நான் திருநீறு வாங்குவது போல ஒற்றைக் கையை நீட்ட, பாதி சட்டையில் வழிந்தது. பக்கத்து வரிசைப் பெரியவர் தன் கையைக் குவித்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

பெரும்பாலான வண்டிகளில் கழிவறை கிடையாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்விடத்தில் நிறுத்துவார்கள். ஒரே நிறத்தில் பத்துப் பேருந்துகள் நிற்கும் என்பதால் இறங்கும்போதே நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளேட்டின் முதல் இரண்டு எண்கள் மாகாணத்தைச் சொல்லும்: 34 இஸ்தான்புல், 42 கோன்யா, 16 புர்சா. நேரம் போகாவிட்டால் எதிரே வரும் வண்டிகள் எந்த ஊர் என்று கண்டுபிடித்துக்கொண்டே போகலாம்.

நாள் 1 முதல் 3 வரை: இஸ்தான்புல்

வியாழன் வந்து இறங்குவதோடு சரி. மெட்ரோ, டிராம், படகு எல்லாவற்றுக்கும் செல்லும் இஸ்தான்புல்கார்ட் ஒன்றை வாங்கிவிடுங்கள். வெள்ளி காலை தோப்காபி அரண்மனை. கதவு திறக்கும்போதே உள்ளே போனால்தான் கூட்டத்துக்கு முன்னால் இருக்கலாம். மதியம் பெரிய கடைத்தெருவிலோ படகிலோ கழியட்டும்.

அயாசோஃபியாவைச் சனிக்கிழமை காலைக்கு வையுங்கள். பேரரசர் ஜஸ்டினியன் கட்டி 537இல் திறந்த தேவாலயம். 1453இல் பள்ளிவாசலானது, 1935இல் அருங்காட்சியகமாகத் திறந்தது, 2020இல் மறுபடி பள்ளிவாசலானது. இப்போது தரைத்தளம் தொழுகைக்கு மட்டும். சுற்றுலாப் பயணிகள் தனி வாசலில் 25 யூரோ கொடுத்து மேல்மாடத்துக்குப் போக வேண்டும். அந்தக் காசுக்குக் கீழேயும் விடவில்லையே என்று பலர் முணுமுணுக்கிறார்கள். ஆனால் பழைய மொசைக் ஓவியங்கள் மேலேதான் இருக்கின்றன. தெற்கு மாடத்தில் இயேசு நடுவிலும், மரியாளும் யோவானும் இருபுறமும் நிற்கும் ஓவியத்தில் கீழ்ப்பாதி உதிர்ந்துவிட்டது. முகங்கள் மட்டும் அப்படியே. அதே மாடத்தின் பளிங்குக் கைப்பிடிச் சுவரில், காவலுக்கு வந்த ஒரு வைக்கிங் வீரன் தன் பெயரை ரூன் என்ற பழைய ஸ்காண்டிநேவிய எழுத்தில் கீறி வைத்திருக்கிறான். "ஹால்ஃப்தான்" என்பது மட்டும் படிக்கக் கிடைக்கிறது. கோயில் சுவரில் பெயர் கிறுக்குவது எல்லா நாட்டிலும் பழைய வியாதி.

ஒரே ஒரு பள்ளிவாசலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நீலப் பள்ளிவாசலை விட்டுவிட்டு சுலைமானியேவுக்குப் போகச் சொல்வேன். சுல்தானின் கட்டடக் கலைஞர் மிமார் சினான் 1557இல் கட்டி முடித்தது. உள்ளே வெளிச்சம் பேசும், அலங்காரம் அடங்கியிருக்கும். ஆயிரக்கணக்கான விளக்குகளின் புகைக்கரி காற்றோட்டத்தால் வாசலுக்கு மேலுள்ள ஓர் அறையில் வந்து சேர, அதை எடுத்து மை செய்தார்கள் என்று சொல்வார்கள். சினானின் சொந்தக் கல்லறை வளாகத்துக்கு வெளியே தெருமுனையில், தேடினால்தான் தெரியும் அளவில் இருக்கிறது.

பள்ளிவாசல் ஒழுங்கு எளிது. தொழுகை நேரத்துக்கு அரைமணி முன்பும் பின்பும் தவிர்த்துவிடுங்கள். காலணியைக் கழற்றிப் பையில் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் ஒரு துணிப்பை உதவும். பெண்கள் தலையை மூடத் துப்பட்டாவே போதும். முழங்கால் மூடிய உடை இருபாலருக்கும். தொழுபவரின் முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது.

நாள் 4, 5: சாஃப்ரான்போலு

ஞாயிறு காலை எசென்லர் ஓட்டோகாரில் ஏறினால் ஆறேழு மணி நேரம். பேருந்து கிரான்கோய் என்ற புதிய பகுதியில் விடும். பழைய ஊரான சார்ஷி அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் கீழே, பள்ளத்தாக்கில் இருக்கிறது. மினிபஸ் உண்டு.

ஊரின் பெயர் குங்குமப்பூவிலிருந்து வந்தது. 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது ஒரு கோட்டைக்காகவோ கோயிலுக்காகவோ அல்ல, வீடுகளுக்காக. கீழே கல், மேலே மரச்சட்டத்துக்குள் மண்கல், அதற்கும் மேலே தெருவை எட்டிப் பார்க்கும் மாடி. குளிர்காலத்துக்குக் காற்றடிக்காத சார்ஷியில் ஒரு வீடு, கோடைக்கு மேட்டிலுள்ள பாக்லாரில் தோட்டத்தோடு இன்னொரு வீடு என்று வசதியானவர்கள் வைத்திருந்தார்கள்.

அருங்காட்சியகமாக்கிய வீடு ஒன்றுக்குள் கட்டாயம் போங்கள். ஆண் விருந்தினர் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுச்சுவரில் சுழலும் அலமாரி ஒன்று இருக்கும். சமையற்கட்டுப் பக்கமிருந்து தட்டை வைத்துத் தள்ளினால் அந்தப் பக்கம் போய் நிற்கும். வைத்தவர் முகம் வாங்கியவருக்குத் தெரியாது. மரத்தில் கை தேய்ந்த இடம் வழவழவென்று பளபளக்கும். இன்னோர் அலமாரிக் கதவைத் திறந்தால் துணி இருக்காது, ஓர் ஆள் நின்று குளிக்கும் இடம் இருக்கும். படுக்கையைச் சுருட்டி வைத்து, பகலில் அதே அறையில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இந்த வீடுகள் அந்நியமாகத் தோன்றாது.

ஊர் நடுவில் 17ஆம் நூற்றாண்டின் ஜின்ஜி ஹான் என்ற வணிகர் சத்திரமும், இன்றும் வெந்நீர் ஓடும் ஜின்ஜி ஹமாம் என்ற பொதுக் குளியல் கூடமும் இருக்கின்றன. இரண்டையும் கட்டியவர் சுல்தான் இப்ராஹிமுக்கு மந்திரித்த ஒரு ஹோஜா, அதாவது மத ஆசிரியர். ஜின் என்னும் ஆவிகளை ஓட்டுபவர் என்பதால் அந்தப் பெயர். திங்கள் மாலை ஹித்ர்லிக் குன்றில் ஏறினால் ஊரின் ஓட்டுக்கூரைகள் எல்லாம் காலடியில்.

நாள் 6 முதல் 10 காலை வரை: கோரெமே

செவ்வாய் முழுக்கப் பயணம். அங்காராவில் வண்டி மாற வேண்டும். இடைவெளி கிடைத்தால் அனதோலிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தை மட்டும் பார்த்துவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டிக்கெட் எடுக்கும்போது "கோரெமே ஓட்டோகார் வரை போகுமா" என்று கேட்டு, சீட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். என்னை ஒரு வண்டி நெவ்ஷெஹிரில் இறக்கிவிட்டு, "செர்விஸ் வரும்" என்றது. வந்தவர் ஒரு டூர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய், பலூனும் வேனும் சேர்த்து விற்கப் பார்த்தார். அப்படி நடந்தால் வாக்குவாதம் வேண்டாம். ஊருக்குள் போகும் மினிபஸ்ஸில் ஏறிவிடுங்கள்.

எர்ஜியெஸ் போன்ற எரிமலைகள் கக்கிய சாம்பல் இறுகிய டஃப் பாறைதான் இந்த நிலத்தின் ரகசியம். உளியால் சுரண்டினால் உதிரும், காற்றுப் பட்டால் இறுகும். மேலே கடினமான பாறைத் தொப்பி இருந்த இடங்களில் அடிப்பகுதி மட்டும் கரையாமல் தூணாக நின்றுவிட்டது. மனிதர்கள் அதற்குள் வீடு குடைந்தார்கள், துறவிகள் தேவாலயம் குடைந்தார்கள். கோரெமே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இருண்ட தேவாலயம் என்று ஒன்று உண்டு. வெளிச்சம் புகச் சின்னதாய் ஒரு ஜன்னல்தான் என்பதால் சுவரோவியங்களின் நிறம் மங்கவில்லை. தனிக் கட்டணம் கேட்பார்கள், கொடுங்கள்.

புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று விடியற்காலைகள் பலூனுக்காக ஒதுக்கியவை. முதல் நாளுக்கே பதிவு செய்யுங்கள். ரத்தானால் அடுத்த நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். பறக்கலாமா கூடாதா என்பதை விமானப் போக்குவரத்து அதிகாரிகள்தான் சொல்கிறார்கள், நிறுவனம் அல்ல. பலூனுக்குச் செலவழிக்க மனமில்லையா? அதே நேரத்தில் ஊருக்கு மேலுள்ள மேட்டில் போர்வையோடு உட்கார்ந்தால், தலைக்கு மேல் அத்தனையும் இலவசமாகப் போகும்.

ஒரு பகலை தெரின்குயு நிலத்தடி நகருக்கு வையுங்கள். சுமார் 85 மீட்டர் ஆழம், அதில் ஒரு பகுதிக்குத்தான் அனுமதி. எதிரி வந்தால் வழியை அடைக்க ஆட்டுக்கல் போன்ற வட்டக்கல் ஒன்று பக்கவாட்டில் நிற்கும். உள்ளிருந்து மட்டுமே உருட்ட முடியும். குனிந்தே நடக்க வேண்டிய சுரங்கங்கள் என்பதால் மூச்சுமுட்டும் பயம் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. இன்னொரு பகலில் புறாப் பள்ளத்தாக்கு வழியாக உச்சிஸாருக்கு நடங்கள். பாறையில் வரிசையாகத் தெரியும் பொந்துகள் புறா வளர்க்கச் செய்தவை. எச்சத்தைத் திராட்சைத் தோட்டத்துக்கு உரமாகப் போட்டார்கள்.

நாள் 10 முதல் 12 வரை: கோன்யா

சனி காலை முதல் பேருந்தைப் பிடித்தால் மதியம் கோன்யா. வழியில் அக்ஸராயைத் தாண்டியதும் சுல்தான்ஹானி வரும். 1229இல் செல்ஜுக் சுல்தான் அலாவுத்தீன் கெய்குபாத் கட்டிய சத்திரம், ஒட்டகக் கூட்டமே உள்ளே நுழையும் வாசலோடு. சொந்தமாகக் கார் எடுத்தவர்கள் நிறுத்தாமல் போகாதீர்கள்.

மாலை மெவ்லானா கலாச்சார மையத்தில் செமா. நிகழ்ச்சி நேரத்தையும் டிக்கெட்டையும் வெள்ளிக்கிழமையே உறுதிசெய்துகொள்ளுங்கள். இஸ்தான்புல் உணவகங்களில் சாப்பாட்டுக்கு நடுவே சுழலவிடுவது வேறு, இது வேறு. தலையிலுள்ள உயரமான பழுப்புத் தொப்பி கல்லறைக் கல், வெள்ளை அங்கி இறந்தவரைப் போர்த்தும் கஃபன் துணி, மேலே போர்த்திய கறுப்புப் போர்வை கல்லறை. போர்வையைக் கழற்றிவிட்டுத்தான் சுழலத் தொடங்குவார்கள். வலக்கை வானம் பார்த்து விரியும், இடக்கை மண்ணைப் பார்த்துக் கவிழும். வாங்கியதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் கொடுப்பது என்று அர்த்தம் சொல்கிறார்கள். இடதுகால் தரையை விட்டு நகருவதில்லை, வலதுகால் அதைச் சுற்றி வருகிறது. கால்களையே பார்த்துக்கொண்டிருங்கள், அதில்தான் பல வருடப் பயிற்சி தெரியும். முடிவில் குர்ஆன் ஓதுவார்கள். கைதட்ட வேண்டாம்.

ஞாயிறு காலை மெவ்லானா ஜலாலுத்தீன் ரூமியின் அடக்கத்தலம். 1273 டிசம்பர் 17இல் அவர் இறந்த நாளை இங்கே 'மணநாள் இரவு' என்கிறார்கள். அந்த வாரத்தில் கோன்யாவில் அறை கிடைப்பது கடினம். 1925இல் குடியரசு தர்வேஷ் மடங்களை மூடியது. பிறகு இந்த மடம் அருங்காட்சியகமாகத் திறந்தது. சட்டப்படி இன்றும் அருங்காட்சியகம்தான். உள்ளே போய்ப் பார்த்தால் கிராமத்துப் பாட்டிகள் இரு கையேந்திக் கண்ணீரோடு நிற்பார்கள். நாகூர் தர்கா வாசலில் நின்று பார்த்தவர்களுக்குப் பழகிய காட்சி.

மதியம் கராத்தாய் மதரஸா. 1251இல் கட்டியது. குவிமாடத்தின் உட்புறம் நீலமும் கறுப்புமாக நட்சத்திர ஓடுகள். பசித்தால் எத்லிஎக்மெக், ஒரு கை நீளத்துக்கு வரும் கறி பரப்பிய மெல்லிய ரொட்டி.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். "எத்சிஸ்" என்றால் கறியில்லாதது. ஆனால் பீன்ஸ் குழம்பிலும் சாதத்திலும் கறித்தண்ணீர் சேர்ப்பார்கள், "எத் சுயு வார் மி?" என்று கேளுங்கள். பருப்புச் சூப்பான மெர்ஜிமெக், முட்டையும் தக்காளியும் சேர்ந்த மெனெமென், கீரை வைத்த கோஸ்லெமெ, எல்லா ஊரிலும் கிடைக்கும். சாப்பாட்டுத் தட்டுகளை ஆவியில் வரிசையாக வைத்திருக்கும் லோகந்தாக்களில் கைகாட்டியே வாங்கலாம். அய்ரான் என்பது உப்புப் போட்ட மோர். அதில் ஒரு பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் இல்லாத குறைதான்.

திங்கள் பகலில் 90 கிலோமீட்டர் தள்ளியுள்ள பெய்ஷெஹிர் போய்வாருங்கள். 1290களில் கட்டிய எஷ்ரெஃப்ஓக்லு பள்ளிவாசல் முழுக்க மரத்தூண்கள். 2023இல் இது போன்ற மரப் பள்ளிவாசல்கள் ஐந்தை யுனெஸ்கோ சேர்த்துக்கொண்டது. அன்றிரவு தெனிஸ்லிக்குப் பேருந்து.

நாள் 13 முதல் 15 வரை: பாமுக்காலே, எபேசு

தெனிஸ்லியில் விடியும். மினிபஸ்ஸில் பாமுக்காலே. சுண்ணாம்பு கரைந்த வெந்நீர் ஊற்று படிந்து படிந்து வெள்ளை மலையானது. பஞ்சுக்கோட்டை என்று பொருள். வெறுங்காலோடுதான் நடக்கவேண்டும். படங்களில் தெரியும் எல்லாக் குளத்திலும் நீர் இருக்காது, முறைவைத்து விடுகிறார்கள். பகலில் மேலே ஹியராபொலிஸ் என்ற பண்டைய நகரின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு, மாலை வெயில் சாயும்போது வெள்ளையில் இறங்குங்கள்.

புதன் காலை எபேசுவுக்குப் பக்கத்து ஊரான செல்சுக். தெனிஸ்லியிலிருந்து ரயிலும் உண்டு. எபேசுவுக்கு மேல்வாசலில் நுழைந்து கீழ்வாசலில் வெளியேறினால் முழுக்க இறக்கம்தான். செல்சஸ் நூலகத்தின் முகப்பு 1970களில் கல்லெடுத்துச் சேர்த்து நிறுத்தியது. ஏறத்தாழ 25,000 பேர் உட்காரும் அரங்கில்தான் பவுலுக்கு எதிராக வெள்ளித் தட்டார்கள் கூட்டம் கூட்டி ஆர்ப்பரித்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அரங்கிலிருந்து நேரே போகும் பெருந்தெரு துறைமுகத்தில் முடிய வேண்டும். முடிவது புல்வெளியில். ஆற்றுமண் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது, கடல் பல கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது.

வியாழன் காலை மரியாள் வீடு. மலைமேல் இருக்கிறது, டாக்ஸி பேசித்தான் போகவேண்டும். திரும்பிவர ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லி முதலிலேயே விலை பேசிவிடுங்கள். சின்னக் கல்வீடு. மெழுகுவத்தி ஏற்றும் கன்னியாஸ்திரியும், மர்யமை மதிக்கும் முஸ்லிம் குடும்பங்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள். கீழே ஊற்றுநீர்க் குழாய், பக்கத்தில் வேண்டுதல் எழுதிய துணியும் காகிதமும் கட்டிய சுவர். நேரம் இல்லாதவர்கள் இங்கிருந்து இஸ்மீர் விமானநிலையம்.

நாள் 16 முதல் 19 வரை: புர்சா, இஸ்னிக்

வெள்ளி இஸ்மீர் வழியாகப் புர்சா. ஒட்டோமான்கள் 1326இல் பிடித்துத் தலைநகராக்கிய ஊர். பெரிய பள்ளிவாசலுக்கு 20 குவிமாடங்கள். போரில் வென்றால் 20 பள்ளிவாசல் கட்டுவதாக வேண்டிக்கொண்ட சுல்தான் பயசீத், 20 குவிமாடத்தோடு ஒன்றைக் கட்டி நேர்ந்ததை அடைத்தார் என்று ஊரில் கதை. நடுவில், கூரைக்குக் கீழேயே, நீரூற்று. அருகில் 1491இல் கட்டிய கோஸா ஹான், பட்டுக்கூடு விற்ற சந்தை. முற்றத்தில் டீ குடித்துவிட்டு, மாடியில் துண்டு வாங்கலாம். பட்டா பாலியெஸ்டரா என்று காஞ்சிபுரத்துக்காரர்களிடம் நான் சொல்லத் தேவையில்லை.

ஞாயிறு காலை மினிபஸ்ஸில் இஸ்னிக், ஒன்றரை மணி நேரம். ஏரிக்கரையில் மதில் சூழ்ந்த சிற்றூர். இதுதான் 325இல் கிறிஸ்தவத் திருச்சங்கம் கூடிய நிசேயா. நம் தேவாலயங்களில் இன்றும் சொல்லும் நிசேயா விசுவாசப் பிரமாணத்துக்கு வேர் இங்கே. ஏரிக்குள் மூழ்கிய ஒரு பழைய தேவாலயத்தின் அடித்தளம் 2014இல் வான்வழிப் படங்களில் தெரியவந்தது. ஒட்டோமான் பள்ளிவாசல்களின் நீல, சிவப்பு ஓடுகளும் இவ்வூர்ச் சூளைகளில் வெந்தவை. இப்போதும் பட்டறைகளில் வரைகிறார்கள். ஒரு சிறு ஓடு வாங்கினால் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டால் இரண்டாகத்தான் வீடு வந்து சேரும்.

திரும்ப புர்சா போக வேண்டாம். இஸ்னிக்கிலிருந்து யாலோவாவுக்கு மினிபஸ், அங்கிருந்து இஸ்தான்புலின் யெனிகாபிக்குப் படகு. ஞாயிறு மாலை ஊர் திரும்பும் கூட்டம் இருக்கும், படகு டிக்கெட்டை முதல் நாளே எடுத்துவிடுங்கள். கிடைத்தால் மேல்தளத்தில் இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் இறங்குவது அந்தப் பக்கம்தான்.